வழி விடுங்கள்! வழி விலகாதீர்கள்!

வாசலில் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. எல்லாம் வெள்ளை நிறம்!

ஒன்றிலும் பூட்டு இல்லை. "எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும்?" என்று கேட்க வாடகைக் கடைக்காரர் இல்லை. பெயர், விலாசம் எழுதி வைக்க நோட்டுப் புத்தகமும் இல்லை.

நீங்கள் பாட்டுக்கு ஒரு சைக்கிளை எடுக்கலாம். ஏறி மிதிக்கலாம். காட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டு, வந்த பிறகு நிறுத்திவிட்டுப் போகலாம். சைக்கிளுக்கு ஒரு காசு கிடையாது.

"இப்படியும் ஓர் ஊர் உண்டா?" என்கிறீர்களா? உண்டு.

ஹாலந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்து நாட்டில் "ஹோகே வெலுவே" என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடிகளையும் ஊஞ்சலையும் நினைத்துவிடாதீர்கள். இது காடு. பரப்பளவு சுமார் 5,400 ஹெக்டேர். அதாவது 13 ஆயிரம் ஏக்கருக்கு மேல்! உள்ளே போக நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே சுற்ற சுமார் 1,800 வெள்ளைச் சைக்கிள்கள் இனாம்.

குழந்தையை உட்கார வைக்க இருக்கை வைத்த சைக்கிளும் உண்டு. சிறுவர்களுக்குச் சின்னச் சைக்கிளும் உண்டு. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பி விடுகிறார்கள்.

இரண்டு கட்சிகள்

காட்டுக்குள் சைக்கிள் போகலாமா? இதைப் பற்றி உலகத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

"காடு என்றால் அதைத் தொடக்கூடாது. வேலி போட்டு மூடுங்கள். மனிதன் கால் வைத்தாலே காடு கெட்டுவிடும். சக்கரம் எதற்கு?" என்கிறது ஒரு கட்சி.

"காடு எல்லோருக்கும் சொந்தம். எங்கள் சைக்கிள் எங்கே போகுமோ, அங்கே நாங்கள் போவோம். எங்களைத் தடுக்க நீங்கள் யார்?" என்கிறது இன்னொரு கட்சி.

இரண்டும் தப்பு என்பது என் கட்சி. ஏன் என்பதைச் சொல்லுகிறேன். அதற்கு முன்னால், வாருங்கள், அந்தக் காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம்.

மூன்று விதமான நிலம்

வாசலைத் தாண்டியதும் மரங்கள். நெட்டையான பைன் மரங்கள். பாதையின் இரு பக்கமும் நிழல்.

கொஞ்ச தூரம் மிதித்தால், மரங்கள் சட்டென்று நின்று விடுகின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே வெட்டவெளி! முழங்கால் உயரத்துக்கு ஒரு குத்துச்செடி மண்டிக் கிடக்கிறது. அதற்கு "ஹெதர்" என்று பெயர். அந்தச் செடி வளரும் பொட்டல்வெளிக்கு "ஹீத்" என்று பெயர். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அந்தச் செடி பூக்கும். அப்போது பூமியெல்லாம் ஊதாக் கம்பளம் விரித்தது போல் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் மிதித்தால், செடியும் காணோம். வெறும் மணல்! காற்று அடித்தால் மணல் பறக்கிறது, மேடாகக் குவிகிறது, இடம் மாறுகிறது. தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அங்கே மண் சிவப்பு. இங்கே வெளிர் மஞ்சள். அவ்வளவுதான்.

மழை பெய்யும் நாடு. கால்வாய்களுக்குப் பேர் போன நாடு. அங்கே பாலைவனம் போல் மணல் எப்படி வந்தது? அதுதான் கதை.

மணல் விழுங்கிய ஊர்

இந்த மணலைக் கொண்டு வந்தது பனியுகத்துக் காற்று. ஆனால் அதன் மேல் பிறகு காடு வளர்ந்தது. மரமும் வேரும் மணலை இறுகப் பிடித்திருந்தன.

மனிதன் மரத்தை வெட்டினான். வெட்டிய இடத்தில் ஹெதர் செடி வளர்ந்தது. அதில் ஆடு மேய்த்தான். அத்தோடு விட்டானா? இல்லை. செடியை வேரோடும் மண்ணோடும் சேர்த்துப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தான். அதை ஆட்டுக் கொட்டிலில் பரப்பினான். ஆட்டுப் புழுக்கையும் அந்த மண்ணும் கலந்து நல்ல எரு ஆயிற்று. அதை வயலில் கொட்டி ரை என்ற தானியத்தை விளைவித்தான்.

ஏழைக் குடியானவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவனுக்கு வேறு உரம் ஏது? ஆனால் பல நூற்றாண்டுகளாக இப்படியே நடந்தால் நிலம் தாங்குமா? மேல்தோல் போயிற்று. அடியில் இருந்த மணல் விடுதலை ஆயிற்று. காற்றோடு கிளம்பி வயலை மூடியது, வழியை மூடியது, வீட்டையும் மூடியது! இந்த வட்டாரத்தில் கோட்வைக் என்ற இடத்தில், மணலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கிராமத்தையே தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

1899-ம் ஆண்டில் டச்சு சர்க்கார் காட்டு இலாகா ஒன்றை ஏற்படுத்தியது. மணலைக் கட்டிப் போடுவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. பைன் கன்றுகளை நட்டார்கள். வரிசை வரிசையாக நட்டார்கள். மணல் அடங்கியது. இதே காலத்தில் விலை மலிவான செயற்கை உரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து மலிவான கம்பளி வந்தது. ஆடு வளர்த்தால் கட்டுப்படி ஆகவில்லை. மந்தைகள் மறைந்தன.

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். எந்த மணலைப் பார்த்துப் பாட்டன் பயந்தானோ, அந்த மணலைப் பேரன் பாதுகாக்கிறான்! வெறும் மணலில் மட்டும் வாழும் பூச்சிகளும் செடிகளும் பல்லிகளும் இருக்கின்றன. மணலெல்லாம் காடாகிவிட்டால் அவை எங்கே போகும்? அதனால் சில இடங்களில் நட்ட மரத்தையே வெட்டி, மணல் பறக்க வழி செய்கிறார்கள். கோட்வைக் மணல்வெளி இன்றும் சுமார் 700 ஹெக்டேர் இருக்கிறது. ஹீத் வெளியில் மறுபடி ஆட்டு மந்தைகளை மேய விடுகிறார்கள். மேய்க்காவிட்டால் அங்கே மரம் முளைத்துவிடும். ஊதாப் பூ மறைந்துவிடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த நிலம் மனிதன் தொட்ட நிலம். தொட்டுத் தொட்டு உண்டான நிலம். "மனிதனே, வெளியே போ!" என்று வேலி போட்டால் அது பிழைக்காது. மனிதனுடைய கை அதற்கு வேண்டும். ஆனால் அளவான கை வேண்டும்.

மூடிவிடச் சொல்லும் கட்சிக்கு இதுவே என் முதல் பதில்.

வேட்டைக்காடு பொதுக்காடு ஆயிற்று

இரண்டாவது பதிலும் இருக்கிறது.

இந்தப் பூங்கா ஒரு காலத்தில் பணக்காரத் தம்பதிகளின் சொந்தச் சொத்து. கணவர் ஆன்டன் குரோலர், பெரிய வியாபாரி. மனைவி ஹெலனே குரோலர்-முல்லர். ஓவியம் என்றால் உயிர். 1909-ம் ஆண்டு முதல் இங்கே நிலமாக வாங்கிச் சேர்த்தார்கள். அவருக்கு வேட்டை. அம்மையாருக்கு ஓவியம். வான்கோ என்ற புகழ் பெற்ற ஓவியர் இருந்தாரே, அவருடைய படங்களை அம்மையார் வாங்கிக் குவித்தார்.

பிறகு வியாபாரம் நொடித்தது. சொத்து கை மாறும் நிலைமை வந்தது. துண்டு துண்டாக விற்றிருந்தால் இன்று காடும் இல்லை, படமும் இல்லை. அப்படி நடக்கவில்லை. 1935-ம் ஆண்டில் ஓவியங்கள் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. சர்க்கார் கடன் கொடுத்து உதவ, காடு ஓர் அறநிலையத்தின் கைக்கு வந்தது. 1938-ம் ஆண்டில் காட்டுக்கு நடுவே ஓவியச் சாலை திறக்கப்பட்டது.

இன்று யார் வேண்டுமானாலும் காட்டு வழியே சைக்கிள் மிதித்துப் போய் வான்கோவின் படங்களைப் பார்க்கலாம். ஒரு குடும்பம் மட்டும் வேட்டையாடிய இடத்தில் ஊரே உலாவுகிறது. ஜனங்கள் உள்ளே வருவதால்தான் காட்டுக்கு வருமானம். காட்டைத் தெரிந்தவன்தான் காட்டுக்காகப் பேசுவான். கண்ணால் பார்க்காத காட்டுக்காக யார் பரிந்து பேசப் போகிறார்கள்?

போலீஸ் பிடித்த சைக்கிள்

அந்த வெள்ளைச் சைக்கிளுக்கும் ஒரு கதை உண்டு.

1965-ம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் "புரோவோ" என்று ஓர் இளைஞர் கூட்டம். "நகரத்தில் மோட்டார் கார்கள் பெருகிவிட்டன. புகை தாங்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சைக்கிள் வைப்போம். வேண்டியவர் எடுக்கட்டும், மிதிக்கட்டும், விட்டுவிட்டுப் போகட்டும்" என்றார்கள். சில சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துத் தெருவில் விட்டார்கள்.

போலீசார் வந்தார்கள். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

நகரத்தில் தோற்ற யோசனை காட்டில் ஜெயித்தது. 1970-களின் நடுவிலிருந்து ஹோகே வெலுவேயில் வெள்ளைச் சைக்கிள் ஓடுகிறது. ஏன் ஜெயித்தது? காட்டைச் சுற்றி வேலி இருக்கிறது, வாசல் இருக்கிறது, நல்ல பாதை இருக்கிறது. சைக்கிள் எங்கே சுற்றினாலும் கடைசியில் வாசலுக்கு வந்தாக வேண்டும். சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதனால் சுதந்திரம் நிலைத்தது.

இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கட்சிக்குப் பதில் சொல்ல இது வேண்டும்.

புதிய சைக்கிள் வந்தது

நம் ஊரில் ரோடு போடும்போது முதலில் கிராவல் கொட்டுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி சரளைப் பாதையில், மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. அதற்குப் பெயரே "கிராவல் சைக்கிள்".

பார்த்தால் பந்தயச் சைக்கிள் போல இருக்கும். கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம். பந்தயச் சைக்கிளின் டயர் 25 முதல் 32 மில்லிமீட்டர். இதில் 40, 45, 50 என்று போகும். காற்றையும் குறைவாகவே அடிப்பார்கள். டயர் கொஞ்சம் அமுங்கி மண்ணைக் கவ்வும். கல்லில் குலுக்கல் குறையும்.

இந்தச் சைக்கிளுக்கு இன்று உலகமெங்கும் மோகம். 2022-ம் ஆண்டில் இத்தாலியில் முதல் உலகப் போட்டியே நடந்தது. ஹாலந்திலும் வெலுவேக் காட்டைச் சுற்றி இந்தச் சைக்கிள்கள் ஏராளம்.

மணலில் ஓட்டுவது ஒரு வித்தை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள். திடீரென்று திருப்பினால் விழுவீர்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் விழுவீர்கள்! கையைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரே சீராக மிதித்துக் கொண்டே இருக்க வேண்டும். மேட்டைத் தாண்டி இறுகிய பாதைக்கு வந்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்! அது ஓட்டியவனுக்குத்தான் தெரியும்.

நல்ல சைக்கிள்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெள்ளைச் சைக்கிள் நல்ல பாதையை விட்டு இறங்கினால் புதைந்து நின்றுவிடும். கிராவல் சைக்கிள் நிற்காது. "அதோ, அந்த மணல்மேட்டைப் பார்! போகலாம் வா!" என்று ஆசை காட்டும். போக முடிகிறது என்பதாலேயே போகலாம் என்று ஆகிவிடுமா?

சக்கரத்துக்கு அடியில் என்ன?

பாதைக்கு வெளியே மணல் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம். சும்மா கிடக்கவில்லை.

மணல் பல்லி என்று ஒரு பல்லி. வெயில் காயும் வெறும் மணலில் குழி தோண்டி முட்டையிடும். பக்கி என்ற பறவை கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டை வைத்துவிட்டுச் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். நான்கு அடி தூரத்தில் இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வானம்பாடி இனப் பறவைகளும் தரையில்தான் கூடு கட்டும். மணலின் மேல் பாசி போலப் படர்ந்திருக்கும் சிறு உயிர்கள் பல வருஷங்களாக மெல்ல மெல்ல வளர்ந்தவை. ஒரு சக்கரம் ஒரு நிமிஷத்தில் கிழித்துவிடும்.

ஒருவர் போனால் தடம். பத்துப் பேர் போனால் பாதை. நூறு பேர் போனால் ரோடு. கடைசியில் காடே ரோடாகிவிடும்.

இன்னொன்று. சைக்கிள் சத்தம் போடாமல் வேகமாக வரும். மான்கள் தினமும் ஆள் வரும் பாதையைத் தெரிந்து வைத்துக் கொள்கின்றன. அங்கே யார் போனாலும் அவ்வளவாக மிரளுவதில்லை. எதிர்பாராத பக்கத்திலிருந்து புதருக்குள் சைக்கிள் பாய்ந்தால் குட்டியோடு ஓட்டம் பிடிக்கின்றன.

"மணல் பறக்க வேண்டும் என்று நீங்களே சொன்னீர்களே! நாங்கள் கிளறிவிட்டால் நல்லதுதானே?" என்று ஒரு சைக்கிள்காரர் கேட்கலாம். கெட்டிக்காரக் கேள்விதான். மணலுக்குக் கிளறல் வேண்டும், உண்மை. ஆனால் எந்த இடம், எந்த மாதம், எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். வைத்தியர் கத்தியால் கீறுகிறார் என்பதற்காக, வழியில் போகிறவனெல்லாம் கத்தியை எடுக்கலாமா?

பெரிய எதிரி யார்?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹீத் வெளி கெடுவதற்கு முக்கியக் காரணம் சைக்கிள்காரன் அல்ல.

மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அம்மோனியா கிளம்புகிறது. மோட்டார் வண்டிகளும் புகை கக்குகின்றன. இவற்றில் உள்ள நைட்ரஜன் காற்றோடு வந்து காட்டில் இறங்குகிறது. கேட்காத உரத்தைக் கொட்டியது போல் ஆகிறது. ஏழை மண்ணில் வாழப் பழகிய ஹெதர் செடியைத் தள்ளிவிட்டுப் புல் மண்டுகிறது. மண் புளித்துச் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. சத்து இல்லாததால் நத்தை குறைகிறது. நத்தை ஓட்டைத் தின்று முட்டை ஓடு கட்டும் பட்டாணிக் குருவிக்கு முட்டை ஓடு மெலிகிறது.

பாருங்கள், எங்கேயோ இருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இங்கே இருக்கும் குருவி முட்டைக்கும் முடிச்சு!

2019-ம் ஆண்டு மே மாதம் அந்த நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜனுக்கு அனுமதி கொடுத்து வந்த சர்க்கார் ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கட்டிட வேலைகள் நின்றன. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர் டிராக்டராகத் தலைநகர் வீதிகளுக்கு அல்ல, சர்க்கார் நடக்கும் ஹேக் நகரத்துக்குப் படையெடுத்தார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே! அந்த வழக்கு லேசில் தீருகிற வழக்கு அல்ல.

அப்படியிருக்க, சைக்கிள்காரனை மட்டும் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா? இல்லை. அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் காடு பிழைத்துவிடும் என்பது பொய். கதவுக்குள்ளே நைட்ரஜன் இறங்கிக் கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆளும் இருக்கமாட்டான்.

ஆனால், "பெரிய எதிரி வேறே இருக்கிறானே, நான் செய்வது சின்னத் தப்புத்தானே" என்று சைக்கிள்காரன் சொல்லவும் கூடாது. ஏற்கெனவே நோயாளி. அவன் காலை மிதிப்பதா?

என்ன செய்யலாம்?

டச்சுக்காரர்களே வழி காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய சைக்கிள் சங்கம் 1883-ம் ஆண்டில் பிறந்தது. 1919-ம் ஆண்டு முதல் காட்டுப் பாதைகள் பிரியும் இடத்தில் காளான் வடிவத்தில் குட்டையான வழிகாட்டிக் கற்களை அந்தச் சங்கம் நட்டது. "இந்தப் பக்கம் போ, இத்தனை கிலோமீட்டர்" என்று அது சொல்லும். சில பாதைகளில் கடற்சிப்பிகளை நொறுக்கிப் பரப்பியிருக்கிறார்கள். உட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்துக் காட்டில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள். அந்தப் பணம் பாதையைப் பராமரிக்கப் போகிறது.

நல்ல பாதை போட்டுக் கொடுத்தால் பெரும்பாலோர் அதை விட்டு இறங்குவதில்லை. பாதையே இல்லாவிட்டால்தான் ஆளுக்கு ஒரு வழி உண்டாகிறது. ஆகவே அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம்: தடை போடுவதற்கு முன்னால் பாதை போடுங்கள். மணலும் ஊதாப் பூவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள். குருவி குஞ்சு பொரிக்கும் இடத்தை விட்டு விலக்கிப் போடுங்கள்.

சைக்கிள்காரர்களுக்கு என் விண்ணப்பம் இன்னும் சின்னது. பாதையை விட்டு இறங்காதீர்கள். பாதையில் குட்டை தேங்கினால் அதைச் சுற்றிப் போய்ப் பாதையை அகலமாக்காதீர்கள். நேராகவே போங்கள், நனைந்தால் பரவாயில்லை. நடந்து போகிறவரைக் கண்டால் மணி அடித்து மெதுவாகப் போங்கள். பொழுது சாய்ந்தால் திரும்பிவிடுங்கள். இரவு அவர்களுடையது அல்ல, மானுடையது, பக்கியுடையது.

இந்த நிபந்தனைகள் கஷ்டமா? வெள்ளைச் சைக்கிளில் போகும் ஐந்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் செய்கிறது. விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருக்கும் பெரியவர்களால் செய்ய முடியாதா?

காட்டை மூடி வைத்தால் ஜனங்கள் காட்டை மறந்துவிடுவார்கள். திறந்து போட்டுவிட்டால் காடே மறைந்துவிடும். நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கு அந்த அகலம் போதும்.

அதிகாரிகளே, வழி விடுங்கள்!

சைக்கிள்காரர்களே, வழி விலகாதீர்கள்!